டிக்கிக்கு ஒரு மீசை

செல்வமுருகன் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவனில்லை. பழநி அடிவாரத்தில் பாசிமணிக்கும் பஞ்சாமிர்த டப்பாவுக்கும் நடுவே பேரம் கேட்டே வளர்ந்தவன். "கூட ஒண்ணு போடுங்க" என்ற பக்தருக்குச் சிரித்த முகத்தைக் கூடப் போட்டுக் கொடுத்த அப்பனுக்குப் பிள்ளை. அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தன் வீட்டுத் தகரக் கொட்டகையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் காருக்குச் சொந்தக் காசில் வாங்கிய ஸ்பாய்லரை ஒட்டிக்கொண்டிருந்தான் என்றால், அதற்கொரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

காரணம் டிக்கியின் விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது.

கார் ஞானமுத்துவுடையது. பள்ளிக்கூட ஆபீஸில் ஆயுசு முழுக்க டைப் அடித்து, ரிடையரான பிறகு வாங்கிய முதல் கார், வெள்ளை நிறம். மனிதர் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் குழந்தைக்குப் பவுடர் போடுகிறாரோ என்று தோன்றும். சென்னையில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வரும் மகள் பெர்லினை அழைத்துவர ரயிலேறப் போனவர், அவராகவே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"பண்ணைக்காட்டுல ஒங்க கொழுந்தியா வீட்டுப் பால்காய்ப்புன்னு ஒங்க வீட்டுத் தங்கச்சி சொன்னிச்சு. பஸ்ஸுல போயி ஏன் தம்பி நசுங்குறீங்க? வண்டி சும்மா தான கெடக்கு."

"அண்ணே, புது வண்டி..."

"ஒங்க கையில இருந்தா என் கையில இருக்குற மாதிரி."

பஸ்ஸில் நசுங்க வேண்டியவன் தப்பித்தான், டிக்கி நசுங்கியது. விருந்து முடிந்து, காப்பிக் களத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரம் ஒன்று அங்கே நின்றதை அவன் பார்க்கவில்லை. சாப்பாட்டில் மூன்றாவது முறை பாயசம் வாங்கியிருந்தான்; கண் கொஞ்சம் சொக்கியிருந்தது. டப்பென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மரம் ஜம்மென்று நின்றது.

"சொல்லிருங்க" என்றாள் தேவசேனா, அவன் மனைவி.

"சொல்லத்தான் போறேன். சொல்ற மாதிரி சொல்லணும்ல?"

"அதுல என்ன மாதிரி? இடிச்சிட்டேண்ணேன்னு சொன்னா முடிஞ்சிச்சு."

முடிந்திருக்கும். ஆனால் செல்வமுருகனுக்கு ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்லிப் பழக்கமில்லை. ஏரிப் பக்கம் அவன் வைத்திருக்கும் கடையில் யூகலிப்டஸ் தைலமும் ஹோம்மேடு சாக்லேட்டும் விற்கிறான். அந்தச் சாக்லேட் எந்த ஹோமில் செய்தது என்று யாராவது கேட்டால் பேச்சு உடனே சீதோஷ்ணத்துக்குப் போய்விடும்.

மனைவியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேரே மலையிறங்கி வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்குப் போனான். தட்டிச் சரிசெய்து பெயின்ட் அடிக்க நாலு நாள் ஆகும் என்றான் பட்டறைக்காரன். ஞானமுத்துவோ மறுநாள் வெள்ளனே வந்து இறங்குகிறார். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தவன் கண்ணில் பட்டது பக்கத்துக் கடை. கார்களுக்கு நகைநட்டுப் பூட்டுகிற கடை. சுவரில் கறுப்பாக, பளபளவென்று, வில் மாதிரி வளைந்து தொங்கியது ஒரு ஸ்பாய்லர். அழகுக்கு டிக்கி விளிம்பில் ஒட்டுவது. சரியாக அந்த விளிம்பில்.

"துளை போட வேணாம்ணே" என்றான் கடைக்காரன். "வீட்டுலயே ஒட்டிக்கிறலாம். ஸ்பிரிட்டு போட்டு நல்லாத் தொடச்சிருங்க. தூசி, ஈரம், எண்ணெ, எதுவும் இருக்கக் கூடாது. லேசாச் சூடு காட்டி ஒட்டி, அமுக்கிப் பிடிங்க. ஒரு நாள் தண்ணி படாமப் பாத்துக்கங்க."

"கொடைக்கானல்ல தண்ணி படாத நாளுக்கு நான் எங்க போறது?"

"அப்ப போர்த்தி வைங்க. குளிருதுல்ல, அதுக்கும்."

அப்படி வாங்கி வந்ததைத்தான் இப்போது ஒட்டிக்கொண்டிருந்தான். டிக்கியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துவட்டி, நடுவெங்கே என்று தேவசேனாவின் தையல் டேப்பால் அளந்து, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் இரண்டு ஓரத்திலும் அடையாளம் வைத்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஏமாற்று வேலையைச் சுத்தமாகச் செய்வது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை. நசுங்கிய இடத்தில் ஸ்பாய்லர் படியாமல் இடைவெளி தெரிந்தது. அங்கே மட்டும் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டிப் பள்ளத்தை நிரப்பினான்.

ஸ்பிரிட்டுத்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மெடிக்கல் பூட்டிக் கிடந்தது. ஆனால் கொட்டகை முழுக்கத் தைலப் பெட்டிகள். கறை போகவேண்டுமா, பசை போகவேண்டுமா, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தைலம்தான். ஊற்றினால் காற்றோடு பறந்துவிடும், ஸ்பிரிட்டு மாதிரியேதான். ஒரு பாட்டிலை உடைத்துத் துணியில் தாராளமாக ஊற்றி, டிக்கி விளிம்பைத் தேய் தேயென்று தேய்த்தான். தன் கடைச் சரக்கை அவன் அவ்வளவு தாராளமாக ஊற்றியது அதுவே முதல் தடவை.

பிறகு தேவசேனாவின் ஹேர் டிரையர்.

"என்னங்க இது, காருக்குத் தல துவட்டுறீங்களா?"

"சூடு காட்டணுமாம்."

"நான் தல குளிச்சிட்டு நடுங்கிக்கிட்டு நின்னப்ப கரென்ட்டு பில்லு ஏறும்னீங்க."

அவன் ஸ்பாய்லரின் அடியில் இருந்த இருபக்க டேப்பின் சிவப்புத் தாளை உரித்து, அடையாளத்தில் பொருத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனான். அழுத்தி முடித்து எட்ட நின்று பார்த்தான். பள்ளம் இருந்த சுவடே இல்லை. வெள்ளைக் காரின் பின்னால் கறுப்பாக ஒரு வளைவு.

தேவசேனா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "மீசை வச்ச மாதிரி இருக்கு."

"நல்லாருக்குல்ல?"

"பொய்க்கு மீசை வச்சு விட்டுருக்கீங்க. மொளச்சு வந்த மாதிரியே இருக்கு."

மறுநாள் ஞானமுத்து வந்தார். மகளோடு வாசலில் இறங்கியவர் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் காரைப் பார்க்க வந்தார். செல்வமுருகன் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டான்.

"சும்மா ஒரு அன்பளிப்புண்ணே. வண்டி குடுத்தீங்கள்ல. வெறுங்கையோட சாவியத் திருப்பிக் குடுக்க மனசு வரல."

அவர் சிரிப்பார், ஒரு தட்டுத் தட்டுவார், போய்விடுவார் என்று கணக்குப் போட்டிருந்தான். ஞானமுத்து பெட்டியைக் கீழே வைத்தார். அந்தக் கறுப்பு வளைவை ஒற்றை விரலால் மெல்லத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு யாரும் இப்படி ஒண்ணு வாங்கிக் குடுத்ததில்ல தம்பி."

"சூப்பர் அங்கிள்!" என்றாள் பெர்லின். "ரேஸ் கார் மாதிரி இருக்கு. அப்பா, இனிமே நீங்க இருபதுல போகக் கூடாது."

"இருபத்தஞ்சுல போறேம்மா" என்றார் ஞானமுத்து, மூக்கை உறிஞ்சியபடி.

செல்வமுருகன் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று நழுவினான்.

அந்த வாரம் முழுக்க ஞானமுத்து வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து டிக்கியைக் காட்டினார். பால்காரர் பார்த்தார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பார்த்தார். புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். செல்வமுருகன் இந்தப் பக்கம் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருக்கையில், அந்தப் பக்கம் பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருத்தர் மூட்டு வலி நீங்கியதற்கு நன்றி சொன்னார். அடுத்து ஞானமுத்துவின் குரல்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. அந்தக் குறையத் தீக்க ஆண்டவர் பக்கத்து வீட்டுலயே ஒரு தம்பியக் குடுத்துருக்கார். அவருக்கு நான் ஒண்ணும் செய்யல. ஆனா நான் ஊர்ல இல்லாதப்ப, நான் கேக்காமலே, என் பொருள என்னைவிட நல்லாப் பாத்துக்கிட்டார். செல்வமுருகன் தம்பிக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை மொத்தமும்.

செல்வமுருகனுக்குப் புரையேறியது. தேவசேனா தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "முழுங்குங்க" என்றாள். கூட ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது ஆறியிருப்பான்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று போனான். "அண்ணே, அந்த ஸ்பாய்லர்..." என்று ஆரம்பித்ததுமே ஞானமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வெல சொல்லீறாதீங்க தம்பி. சொன்னா நான் திருப்பிக் குடுக்க நெனைப்பேன். அது தப்பு." வந்த வழியே திரும்பினான்.

அதற்குப் பிறகுதான் அந்த இடது ஓரத்தைக் கவனித்தான். ஒரு விரல்நகம் நுழைகிற அளவுக்கு ஸ்பாய்லர் தூக்கியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையால் அழுத்தினான். படிந்தது. மறுநாள் காலை மறுபடி தூக்கியிருந்தது. அன்றிலிருந்து கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் காரை ஒரு தடவு தடவி, ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுப் போவது அவன் வழக்கமாயிற்று. ஜன்னலிலிருந்து ஞானமுத்து இதைப் பார்த்துவிட்டார்.

"பாரும்மா, தம்பிக்கு அந்த வண்டி மேல எம்புட்டுப் பிரியம்" என்று மகளிடம் அவர் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

ஏன் பிடிக்கவில்லை? குளிராக இருக்கும், சாரலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அமுக்கிய விரலைப் பார்த்தால் பிசுபிசுவென்று எண்ணெய். முகர்ந்து பார்த்தான். தன் கடை வாசனை.

அப்போதுதான் உறைத்தது. சுத்தமான தைலம் என்றால் பறந்துபோயிருக்கும். அவன் தைலத்தில் பாதிதான் தைலம். மீதி, வாசனையில்லாத மலிவு எண்ணெய். கலந்தவனும் அவன்தான், இந்தக் கையால்தான். ஆனால் இத்தனை வருஷம் 'சுத்தமான தைலம், சுத்தமான தைலம்' என்று கூவிக் கூவி, வாங்கியவன் நம்பினானோ இல்லையோ, விற்றவன் நம்பிவிட்டான். உள்ளூர்க்காரன் எவனும் அவன் கடையில் தைலம் வாங்குவதில்லை. உள்ளூரில் ஏமாந்த ஒரே ஆள் அவன்தான்.

அன்று கடையில் ஒரு திருப்பூர்ப் பெண்மணி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ப்யூர் தானுங்களே?" என்று கேட்டாள். வாய் திறந்தான். "ஓரளவுக்கு" என்று வந்தது. அந்தம்மா பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வார ஞாயிறு கவுஞ்சியில் அறுப்பின் பண்டிகை. ஞானமுத்துவின் பூர்வீக ஊர் அது. அங்குள்ள சர்ச்சுக்கு முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். கேரட்டுக் குவியல், மலைப்பூண்டு, பூசணி, சேவல். ஏலம் கூவுவதற்கு வருஷா வருஷம் செல்வமுருகனைத்தான் கூட்டிப்போவார்கள். ஆள் முருகன் பக்தனாக இருந்தால் என்ன, அந்த வாய் சபையில் ஒருத்தருக்கும் கிடையாது. வெம்பிப்போன பூசணிக்காயையும் தங்கக் கலசமாக்கிவிடுவான்.

ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. காலையில் ஞானமுத்து காரைக் கிளப்பிக்கொண்டு நின்றார். செல்வமுருகன் பின்னால் போய்ப் பார்த்தான். இடது ஓரம் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து, உள்ளே தண்ணீர் நின்றது. அமுக்கினான். படியவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான். பிளந்த வாய் மூடமாட்டேன் என்றது.

"அப்பா, நான் ஸ்கூட்டில வர்றேன்" என்றாள் பெர்லின், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "இங்க புதுசாச் சேந்த ஆஸ்பத்திரில மத்தியானம் டியூட்டி, வெரசாத் திரும்பணும். ஒங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றேன். மிஸ்ட்டு எப்படி இருக்கு பாருங்க. வெள்ளக் காரு தெரியவே மாட்டேங்குது. அங்கிள் வாங்கிக் குடுத்த மீசை மட்டுந்தான் தெரியுது. அதப் பாத்துக்கிட்டே வந்துருவேன்."

செல்வமுருகன் மனசில் அந்தப் பாதை ஓடியது. கொண்டை ஊசி வளைவு, மேட்டில் ஒரு குலுக்கல். காற்றில் பறந்து வருகிற கறுப்பு வளைவு. அதற்கு நேராக, அதையே பார்த்துக்கொண்டு, இந்தப் பெண்.

"அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"என்ன தம்பி?"

என்ன சொல்வதென்று யோசித்தான். மூன்று நான்கு நல்ல பொய்கள் வரிசையாக வந்து நின்றன. கம்பெனியில் திரும்பக் கேட்கிறான். கலர் மாற்றலாம். இதைவிட உயர்ந்த ரகம் ஒன்று வருகிறது. எல்லாம் போணியாகிற சரக்குதான். வாய் கூசியது. குனிந்து, ஸ்பாய்லரின் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுப்பு இழுத்தான்.

அவ்வளவு எளிதாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. பழைய பிளாஸ்திரி மாதிரி கையோடு வந்தது. யூகலிப்டஸ் வாசனை தெருவை அடைத்தது. பள்ளம், அடுக்கடுக்கான டேப்போடு, எல்லோருக்கும் தெரிய நின்றது.

ஞானமுத்து இறங்கி வந்து பார்த்தார். டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். வெடித்த பெயின்ட்டை விரலால் தொட்டார்.

"மரமா?"

"சில்வர் ஓக்ணே. பண்ணைக்காட்டுல. பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

"ஒங்களுக்கும் தங்கச்சிக்கும் அடி எதும் படலயே?"

"இல்லண்ணே."

"அன்னைக்கே சொல்லிருந்தா இந்தக் கேள்வியோட முடிஞ்சிருக்கும் தம்பி." கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார். "வண்டிய விடுங்க. தகரம், தட்டிக்கிறலாம். நான் சபையில எந்திரிச்சு நின்னு ஒங்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லிட்டேனே. அத நான் எங்க போயித் திருப்பிக் குடுக்குறது?"

செல்வமுருகனின் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு உண்டு: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. அவன் எழுதி மாட்டியதுதான்.

"ஏறுங்க" என்றார் ஞானமுத்து. "ஏலத்துக்கு நேரமாச்சு. வாக்குக் குடுத்துருக்கோம்."

கவுஞ்சி வரைக்கும் ஞானமுத்து இருபதிலேயே ஓட்டினார். கூட வந்த தேவசேனா பின்சீட்டில் ஜன்னலோரம். செல்வமுருகன் மடியில் ஸ்பாய்லர், குறுக்கே, கதவுக்கும் அவளுக்கும் நடுவே இடித்துக்கொண்டு. வளைவுக்கு வளைவு அது அவன் விலாவில் குத்தியது. நகர்த்தி வைக்க இடமிருந்தும் அவன் நகர்த்தவில்லை.

ஆராதனை முடிந்தது. வாசலில் மேஜையும் பெஞ்சுகளும் போட்டு, மேஜையில் கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் குவித்திருந்தார்கள். கயிற்றில் கட்டிய சேவல் ஒன்று எல்லோரையும் முறைத்துக்கொண்டு நின்றது. மைக்கைக் கொடுத்தார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வருகிற முகங்கள் முன்வரிசையிலேயே இருந்தன. ஞானமுத்து கடைசிப் பெஞ்சில், தரையைப் பார்த்தபடி.

செல்வமுருகன் கேரட்டைத் தொடவில்லை. காருக்குப் போய் ஸ்பாய்லரை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தான்.

"மொத ஏலம் இது" என்றான். "காருக்குப் பின்னாடி ஒட்டுறது. ஞானமுத்து அண்ணன் காருல நான் ஒட்டுனது. அன்பளிப்புன்னு சொல்லி ஒட்டுனேன். பொய். அவரு குடுத்த வண்டிய மரத்துல இடிச்சிட்டு, அத மறைக்க ஒட்டுனேன். போன வாரப் புதன்கெழம அவரு எனக்காக ஸ்தோத்திரம் சொன்னாரு, நீங்களும் சொன்னீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டேன். அது எனக்குச் சேந்ததில்ல. திருப்பிக் குடுக்குறேன்."

சேவல் ஒருமுறை தொண்டையைச் செருமியது.

"ஏலே செல்வம்" என்றார் அருள்மணி, உருளைக்கிழங்கு போடுகிற பெரிய விவசாயி. வருஷா வருஷம் ஏலத்தில் அவனோடு மல்லுக்கு நிற்பவர். "சரக்க வித்துட்டு இல்லடா கொறையச் சொல்லணும்? ஒடம்புக்கு முடியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷமாக இருந்தால் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நூறு ரூபாய் ஏற்றியிருப்பான். இப்போது சும்மா நின்றான். சிரிப்பு தானாக அடங்கியது.

கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அது ஒட்டுமா?"

ஞானமுத்துதான். தலை நிமிர்ந்திருந்தது.

"ஒட்டாதுண்ணே."

"ஏன் ஒட்டாது?"

"அழுக்கெடுக்கத் தைலம் போட்டுத் தொடச்சேன். அது சுத்தமில்ல. கலப்படம்."

"யாரு கடைத் தைலம்?"

நாயுடுபுரத்திலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் விடை தெரியும். அவன் வாயால் கேட்க வேண்டுமென்று காத்திருந்தார்கள். தேவசேனா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"என் கடைதாண்ணே."

ஞானமுத்து பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு சொன்னார்: "பத்து ரூபா."

அந்த மேஜையில் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூடப் பத்து ரூபாய்க்குப் போனதில்லை. முதலில் கேட்ட விலைக்கு ஒரு பொருளை விட்டுக்கொடுத்த சரித்திரமும் செல்வமுருகன் வம்சத்தில் இல்லை. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. யாரையும் ஏற்றிவிடவில்லை.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்."

ஏலம் எடுத்தவர் பொருளைத் திரும்ப ஏலத்துக்கே விடுவது அங்கே வழக்கம். ஒரே பூசணி மூன்று கை மாறும். ஞானமுத்து வந்து பத்து ரூபாயைத் தட்டில் போட்டார். ஸ்பாய்லரை எடுத்தார். திரும்ப வைப்பார் என்று கூட்டம் பார்த்தது. வைக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

செல்வமுருகன் சேவலைத் தூக்கினான். 'கூவினா பழநி மலைக்குக் கேக்கும் சிங்கச் சேவல்' என்பதுதான் வழக்கமான தொடக்கம். சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கெழட்டுச் சேவலுங்க" என்றான் மைக்கில். "வேக நேரமாகும். கொத்தவும் செய்யும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காரருகே டிக்கியைத் திறந்து குனிந்திருந்த ஞானமுத்துவின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவர் ஸ்பாய்லரை உள்ளே வைத்து, நசுங்கிய விளிம்பின் மேல் கை வைத்து அமுக்கி மூடினார். சேவல் கையைக் கொத்த ஆரம்பித்திருந்தது. மனிதர் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று செல்வமுருகன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.